கதவைத் தட்டும் சங்கம்

எண்களை மட்டும் பார்த்தால் சிங்கப்பூர் இந்தியர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கே 25 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் நூற்றுக்கு 41 பேர் பட்டதாரிகள். சீனர்களில் அது ஏறக்குறைய 35. யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளியில் வந்த தர்மன் சண்முகரத்னம் 2023 அதிபர் தேர்தலில் 70 சதவீத வாக்குகள் பெற்று வென்றார். நிரந்தரமாக வசிப்போரில் 9 சதவீதமே உள்ள ஒரு சமூகத்துக்கு இது பெருமைப்பட வேண்டிய கணக்குதான்.

ஆனால் அந்த 41 பேரில் பலர் கடந்த முப்பது ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் பட்டத்தோடு போய்க் குடியேறியவர்கள். அவர்கள் போய்ச் சேரச் சேர, சமூகத்தின் சராசரி உயர்ந்துகொண்டே போனது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின், நகராட்சியில் தெருக் கூட்டியவர்களின், செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே சராசரிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். ஓரறை, ஈரறை வாடகை வீட்டில் ஐந்தாறு பேராக வசிக்கும் குடும்பத்துக்கு, பக்கத்து வட்டாரத்தில் வங்கி அதிகாரியாக இருக்கும் இன்னொரு இந்தியரால் என்ன லாபம்? புள்ளிவிவரத்தில் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இந்த வீடுகளைத் தேடிப் போவதற்காகவே ஓர் அமைப்பு 1991 முதல் இயங்கிவருகிறது. முழுப் பெயர், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். தமிழர்களின் வாயில் அது எப்போதும் ‘சிண்டா’தான்.

ஒன்பது வயதில் எழுதப்பட்ட தலைவிதி

சிண்டா ஏன் பிறந்தது என்று தெரிந்துகொள்ள எண்பதுகளின் சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குள் போக வேண்டும்.

கல்விமுறை பற்றிய கோ கெங் சுவீ அறிக்கையைத் தொடர்ந்து, தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பின் முடிவிலேயே பிள்ளைகளைத் திறன் பார்த்துப் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒன்பது, பத்து வயதில் ஒரு பிள்ளை எந்தப் பிரிவில் விழுந்ததோ அதை வைத்து அதன் எதிர்காலம் ஓரளவு முடிவாகிவிட்டது. ஆறாம் வகுப்பு முடிவில் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அதன் மதிப்பெண்ணை வைத்து உயர்நிலைப்பள்ளியில் விரைவுநிலை, வழக்கநிலை என்று மறுபடியும் பிரித்தார்கள். இதே காலத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக நின்ற உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் 1982இல் மூடியது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆனது.

வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் தொழிலாளியின் பிள்ளையை இந்த இரண்டும் சேர்ந்து அழுத்தின. கணக்குப் பாடத்தில் வரும் கேள்வியைப் புரிந்துகொள்ளவே ஆங்கிலம் வேண்டும். ‘ஒரு கடையில் இத்தனை ஆப்பிள் இருந்தது’ என்று தொடங்கும் நான்கு வரிக் கணக்கில் கூட்டல் தெரிந்த பிள்ளையும் தடுமாறும், வாசிக்கத் தெரியாவிட்டால். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க வழியில்லை. இந்திய மாணவர்களின் தேர்ச்சி, அதிலும் கணக்கில், எண்பதுகளில் பின்தங்கியது. முன்பு நன்றாகப் படிக்கும் சமூகம் என்று பெயரெடுத்தவர்கள் சறுக்குகிறார்கள் என்பது சமூகத் தலைவர்களை உலுக்கியது. இந்தியர் கல்விக்கான ஒரு நடவடிக்கைக் குழு நிலைமையை ஆராய்ந்து, நாம் ஒரு நாற்சந்தியில் நிற்கிறோம் என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையின் பரிந்துரைதான் சிண்டா.

மலாய் முஸ்லிம் சமூகத்துக்கு 1982இலேயே மெண்டாக்கி வந்திருந்தது. சீனர்களுக்கான சிடிஏசி 1992இல் வந்தது. யூரேஷியர் சங்கமும் பிறகு இந்த வரிசையில் சேர்ந்தது. இந்த நான்கையும் சுய உதவிக் குழுக்கள் என்கிறார்கள்.

துணைப்பாடம் என்னும் நிழல் பள்ளி

சிங்கப்பூரில் பள்ளி முடிந்த பிறகு இன்னொரு பள்ளி தொடங்குகிறது. துணைப்பாட நிலையங்களும் வீட்டுக்கு வரும் ஆசிரியர்களும் சேர்ந்த அந்தச் சந்தைக்கு, 2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓராண்டில் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. ஐந்தாண்டுகளுக்கு முன்பு அது 1.4 பில்லியன். (டாலரைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வார்கள்.) வகுப்பில் உள்ள பெரும்பாலான பிள்ளைகள் மாலையில் துணைப்பாடம் போனால், வகுப்பு நடக்கும் வேகமே அவர்களை ஒட்டித்தான் அமையும். காசில்லாத வீட்டுப் பிள்ளை அறிவில் குறைந்தது இல்லை. ஓட்டப்பந்தயத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே பாதி தூரம் போன பிறகுதான் அதற்கு விசில் ஊதுகிறார்கள்.

சிண்டா முதலில் கைவைத்தது இங்கேதான். 1992இல் தொடங்கிய ‘ஸ்டெப்’ துணைப்பாடத் திட்டம் இன்றுவரை அதன் முதுகெலும்பு. தீவின் பல பகுதிகளிலும் உள்ள பள்ளிக்கூடங்களில் வார இறுதிகளில் வகுப்பு நடக்கும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல். தொடக்கப்பள்ளிப் பிள்ளையிலிருந்து மேல்நிலை மாணவர்வரை வரலாம். கட்டணம் சந்தை விலையில் ஒரு சிறு பகுதி. வசதி குறைந்த குடும்பங்களுக்கு அதிலும் சலுகை உண்டு. வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதால், பள்ளியில் நாற்பது பேர் நடுவே கை தூக்கத் தயங்கும் பிள்ளைக்கு இங்கே வாய் திறக்கிறது. தேர்ச்சி விகிதத்தைவிட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ‘எனக்குப் புரியவில்லை’ என்று வெட்கப்படாமல் சொல்ல முடிகிற ஒரு வகுப்பறை, பின்தங்கிய பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் கிடைக்க வேண்டியது.

ஆனால் ஸ்டெப் வகுப்புக்கு வர வேண்டுமானால், சனிக்கிழமை காலையில் யாராவது அந்தப் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பேருந்து ஏற்றிவிட வேண்டும். அம்மா இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்குகிறாள். அப்பா வீட்டில் இல்லை. வேலை காரணமாக இருக்கலாம், சிறை காரணமாகவும் இருக்கலாம். அண்ணனுக்கே பன்னிரண்டு வயதுதான். பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை வராது. எந்த நாட்டில் இலவச வகுப்பு நடத்தினாலும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். மிகவும் தேவைப்படுகிற பிள்ளைதான் கடைசிவரை வராது.

வீட்டுக்கே போகும் வாசிப்பு

அந்தச் சுவரைத் தாண்டச் சிண்டா கண்டுபிடித்த வழி எளிமையானது. பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் போவார். ‘புராஜெக்ட் ரீட்’ திட்டத்தில் தொண்டூழியர்கள் வாரந்தோறும் வீடு தேடிப் போகிறார்கள். ஐந்திலிருந்து எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பக்கத்தில் தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்து, ஆங்கிலக் கதைப்புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லித் தருகிறார்கள். பாடத்திட்டமோ தேர்வோ கிடையாது. பள்ளிப் படிப்பின் தொடக்கத்திலேயே பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு.

சிங்கப்பூரில் பணக்கார வீட்டுப் பிள்ளை நான்கு வயதிலேயே வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. பள்ளியும் அதை எதிர்பார்த்தே ஆரம்பிக்கிறது. முதல் வகுப்பிலேயே பின்தங்கிய பிள்ளையை ஆறாம் வகுப்பில் இழுத்துப் பிடிப்பது பெரும்பாடு. அதனால் சிண்டாவின் எல்லாத் திட்டங்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இதற்குக் கட்டடம் வேண்டாம், பெரிய செலவு இல்லை. வாரம் தவறாமல் வரும் ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் இன்னொன்றையும் செய்கிறார். அது திட்ட அறிக்கையில் வராது. வீட்டுக்குள் உட்காருவதால் அவர் பார்க்கிறார். குளிர்பதனப் பெட்டி காலியாக இருப்பது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது, கடன் கொடுத்தவர் மிரட்டலாகக் கதவில் சாயம் வீசிவிட்டுப் போனது, பாட்டி மருந்து வாங்காமல் விட்டது. படிப்புச் சொல்லித்தரப் போனவர் வழியாகத்தான் பல குடும்பங்களின் உண்மை நிலை சங்கத்துக்குத் தெரியவருகிறது. அதன் பிறகு வேலை சமூகப் பணியாளர்களுடையது.

குடும்பங்களுக்கென்று சிண்டா தனியாக ஒரு சேவைப் பிரிவை நடத்துகிறது. கணவன் மனைவி சண்டை, குடி, சூதாட்டம், கடன், வேலையிழப்பு, சிறைக்குப் போனவரின் மனைவி மக்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் என்று வருகிற பிரச்சினைகளுக்கு எல்லை இல்லை. தனித்தாய்மார்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. இதில் எதுவும் விரைவில் தீர்கிற சங்கதி இல்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதிலிருந்து, ஆலோசனைக்கு மாதக்கணக்கில் வரச் சொல்லிப் பொறுமையாகப் பேசுவதுவரை போகும். பிள்ளையின் கணக்கு மதிப்பெண் உயர வேண்டுமானால் வீட்டில் இரவு தூக்கம் இருக்க வேண்டும். கல்விக்காகத் தொடங்கிய சங்கம் குடும்பத்துக்குள் கால் வைத்தது இப்படித்தான். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

தேக்காவில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்

சிங்கப்பூர் இந்தியர்கள் என்றவுடன் நமக்கெல்லாம் தேக்காதான் நினைவுக்கு வரும். சிராங்கூன் சாலை, பூக்கடை, காளியம்மன் கோயில், வாழையிலைச் சாப்பாடு. சிண்டாவின் அலுவலகமும் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பீட்டி சாலையில்தான் இருக்கிறது. ஆனால் உதவி தேவைப்படும் குடும்பங்கள் தேக்காவில் இல்லை.

காரணம், 1989இல் அரசு கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. இனச்சேரிகள் உருவாகாமல் தடுத்த நல்ல கொள்கை அது. அதே கொள்கையால் இந்தியக் குடும்பங்கள் தீவு முழுவதும் மெல்லிசாகப் பரவிக் கிடக்கின்றன. உட்லண்ட்ஸில் ஒரு புளோக்கில் நான்கு வீடு, பிடோக்கில் ஒரு புளோக்கில் ஏழு வீடு என்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் மொழி வேறு. கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்க அத்தை, சித்தி என்று யாரும் கூப்பிடு தூரத்தில் இல்லை. ஒரு தெருவில் கூடாரம் போட்டு முகாம் நடத்தினால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது.

எனவே சிண்டா கதவைத் தட்டுகிறது. தொண்டூழியர்கள் சிறு சிறு குழுவாகப் பிரிந்து, வாடகை வீடுகள் அதிகம் உள்ள புளோக்குகளில் மாடி மாடியாக ஏறி இந்தியக் குடும்பங்களைத் தேடுகிறார்கள். சில கதவு திறக்காது. சில கதவு பாதி திறந்து மூடிக்கொள்ளும். உதவி என்று யார் வந்தாலும் சந்தேகப்படும் அளவுக்கு அனுபவப்பட்ட குடும்பங்கள் உண்டு. மானம் கருதி ‘எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்’ என்பவர்கள் அதைவிட அதிகம். அங்கேதான் தமிழில், மலையாளத்தில், பஞ்சாபியில் ஒரு வார்த்தை பேசத் தெரிந்தவர் போவதன் பலன் தெரியும். ‘தம்பி எந்த ஸ்கூல்ல படிக்கிறான் அக்கா?’ என்று ஆரம்பித்தால் கதவு கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறது.

ஒரு வெள்ளியிலிருந்து முப்பது வெள்ளிவரை

பணம் எங்கிருந்து வருகிறது? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்திய வம்சாவளிக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலைவாய்ப்பு அட்டை வைத்திருப்போர் ஆகியோரின் மாதச் சம்பளத்திலிருந்து சிண்டா நிதிக்கு ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. மத்திய சேமநிதிப் பங்களிப்போடு முதலாளியே அதைச் செலுத்திவிடுவார். 2015 முதல் உள்ள விகிதப்படி, 1,000 வெள்ளிவரை சம்பளம் வாங்குபவருக்கு 1 வெள்ளி. 1,500க்கு மேல் 2,500வரை 5 வெள்ளி. 4,500க்கு மேல் 7,500வரை 9 வெள்ளி. 15,000ஐத் தாண்டினால் 30 வெள்ளி. தமிழர், மலையாளி, தெலுங்கர், பஞ்சாபி, குஜராத்தி, சிந்தி, வங்காளி, இலங்கைத் தமிழர், சிங்களர் என்று துணைக்கண்டத்து வேர் உள்ள எல்லோரும் இதில் வருவார்கள். வேண்டாம் என்பவர் படிவம் நிரப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவதுபோலத்தான் இது. வசதிக்கு ஏற்ற தொகை, ஆனால் விடுபட்ட வீடு இருக்கக் கூடாது. அதில்தான் இந்த ஏற்பாட்டின் அழகு. இன்று தன் மகனை ஸ்டெப் வகுப்புக்கு அனுப்பும் துப்புரவுத் தொழிலாளியும் மாதம் தவறாமல் தன் பங்கைக் கொடுத்தவர். அவர் யாரிடமும் கையேந்தவில்லை. தன் சங்கத்திடம் தன் பங்கைக் கேட்கிறார். ஒரு செல்வந்தர் மேடையில் காசோலை கொடுக்க, பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப் படமெடுத்துக்கொள்ளும் தர்மத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. ஐம்பதுகளில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, துறைமுகத் தொழிலாளிகளும் தோட்டத் தொழிலாளிகளும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நெருடலும் இருக்கிறது. சீனர்களின் சிடிஏசி நிதிக்குச் செலுத்தும் தொகை அரை வெள்ளியில் தொடங்கி, எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 3 வெள்ளியில் நின்றுவிடுகிறது. இந்தியருக்கு உச்சம் 30. மக்கள்தொகையில் 74 சதவீதம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே பானை நிறைந்துவிடும். 9 சதவீதம் பேர் அள்ளிப் போட்டாலும் பாதிக்குத்தான் வரும். தீபாவளி நேரத்தில் ‘புராஜெக்ட் கிவ்’ என்று தனியாக நன்கொடை திரட்ட வேண்டியிருப்பதும், அரசு மானியம் தேவைப்படுவதும் இதனால்தான். வறுமைக்கு இனம் கிடையாது, உதவிக்கு மட்டும் ஏன் இனம் என்று சிங்கப்பூரிலேயே நெடுநாளாகக் கேட்கப்படும் கேள்விக்கு வலு சேர்ப்பதும் இந்தக் கணக்குதான்.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நான்கு குழுக்களும் அதை உணர்ந்தே 2002 முதல் கூட்டுத் துணைப்பாடத் திட்டத்தை நடத்துகின்றன. சிண்டா வகுப்பு தூரமாக இருந்தால் பக்கத்தில் உள்ள மெண்டாக்கி வகுப்பில் இந்தியப் பிள்ளை உட்காரலாம். பள்ளி முடிந்து மாலைவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு நிலையங்களை நடத்த 2015இல் நால்வரும் சேர்ந்தே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இந்தப் பாதையில் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். பணத்தைப் பொதுவில் சேர்த்துத் தேவையைப் பார்த்துப் பங்கிடுவதே நியாயம். ஆனால் கதவைத் தட்டப் போகிறவர் அந்த வீட்டின் மொழியும் வழக்கமும் தெரிந்தவராக இருப்பதுதான் நல்லது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வளர்ந்த பிள்ளைகள்

பதினாறு, பதினேழு வயதுப் பையன்களைப் பிடித்துவைப்பது பச்சைப் பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லித் தருவதைவிடக் கடினம். துணைப்பாடத்துக்கு வா என்றால் வர மாட்டார்கள். காற்பந்துக்கோ இசைக்கோ கூப்பிட்டால் வருவார்கள். சிண்டாவின் இளையர் பிரிவு தலைமைத்துவப் பயிற்சி, வழிகாட்டுநர் துணை, தொழிற்கல்வி மாணவர்களுக்கான ஆதரவு என்று வேறு வழிகளில் அவர்களை நெருங்குகிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பவரையும் பல்கலைக்கழகத்தில் படிப்பவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவிடுவது நல்ல யோசனை. ஒரே சமூகத்தின் இரண்டு முனைகள் சந்தித்துக்கொள்ளும் இடம் சிங்கப்பூரில் வேறு அதிகம் இல்லை. உதவி பெற்றுப் படித்து முடித்தவர்களில் சிலர் பிறகு தொண்டூழியராகத் திரும்பி வருகிறார்கள். பையன்கள் அவர்கள் சொன்னால் கேட்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் போய், கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்து, விடுதியில் தூங்கும் நம் பிள்ளைகள் இந்த வட்டத்துக்குள் வருவதில்லை. சிண்டா குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமான அமைப்பு. நிதிக்குப் பங்களிப்பவர்கள் அவர்களும் வேலைவாய்ப்பு அட்டையில் இருக்கும் உயர்சம்பளக்காரர்களும்தான். அடிபட்டோ சம்பளம் கிடைக்காமலோ தவிக்கும் தொழிலாளிக்குத் தேக்காவில் 2008 முதல் இலவச உணவு தரும் டிடபிள்யூசி2 போன்ற வேறு அமைப்புகள் இருக்கின்றன. அவை சின்னவை, நன்கொடையை நம்பி நடப்பவை. ஒரே சிராங்கூன் சாலையில் நடக்கும் இருவரில் ஒருவருக்குச் சங்கம் இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. சிண்டாவின் சட்டதிட்டம் அப்படி அமைந்திருக்கலாம். சமூகத்தின் மனசாட்சிக்கு அந்த வரம்பு தேவையில்லை.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நல்ல சம்பளத்தில் சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் நிறையப் பேர். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் தொகை சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சங்கத்துக்குப் பணத்தைவிட ஆள்தான் அதிகம் தேவை. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கக்கூடிய யாராக இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித் தரலாம். அடுத்த விடுமுறைவரை தள்ளிப் போடாமல், பீட்டி சாலைக்குப் போய்ப் பெயரைக் கொடுங்கள்.